சிம்ஸ்: எதை ஏற்றுவது?

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு வீடே கதி. போன வாரம் அக்கா மகள் பழைய லேப்டாப்போடு வந்து, "சித்தி, சிம்ஸ்ல எதைப் போடட்டும்?" என்றாள். சிம்ஸ் என்றால் கணினியில் ஆட்களை உருவாக்கி, வீடு கட்டி, அவர்கள் வாழ்க்கையை நாமே நடத்தும் விளையாட்டு; அதில் பல பதிப்புகள் உண்டு.

சிம்ஸ் 4-இன் அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். ஆளை உருவாக்கவும் வீடு கட்டவும் அதுதான் சுலபம். புதுப் பொருட்கள், இடங்கள் சேர்க்கும் கூடுதல் பேக்குகளுக்குத்தான் காசு; ஒரு மாதமாவது விளையாடிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஒரே எரிச்சல், பக்கத்து வீட்டுக்குப் போனாலும் லோடிங் திரை வந்து நிற்கும்.

2009-இல் வந்த சிம்ஸ் 3-இல் அந்தத் தொல்லை இல்லை. ஊரே திறந்து கிடக்கும், நடந்தே சுற்றலாம். சோபா துணியின் நிறத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்றலாம். என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் முழு ஊரையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதால் பழைய கணினி திணறும். முதல் இரண்டு சிம்ஸும் 2025 ஜனவரியில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கின்றன; பழைய வாசனை வேண்டுமென்றால் அவை.

அப்புறம், சிம்ஸ் 4-க்கு 25 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். மலையில் நெட் வரும் வேகத்துக்கு ராத்திரியே டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அவள் 4-ஐத்தான் போட்டாள். முதல் வீட்டுக்கே புகைபோக்கி வைத்துவிட்டாள், எங்கள் ஊர் பங்களா மாதிரி.