முதல் ஃபஸ் பெடல்: வீட்டில் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கிட்டார் பெடல், அதாவது ஒலியை மாற்றும் கால்மிதிப் பெட்டி, கட்டத் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும் ஃபஸ் ஃபேஸ் சுற்றைத்தான். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்டு, ஜிமி ஹென்ட்ரிக்ஸால் உலகறிந்த பெடல் அது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு மின்தடை, மூன்று மின்தேக்கி, இரண்டு குமிழ்க் கட்டுப்பாடு என மொத்தம் பதினோரு உறுப்புகளே அதில் உள்ளன. இவ்வளவு சிறிய சுற்றில் என்ன தவறு நேர்ந்துவிடும் என்ற எண்ணத்தோடு நேராகச் சால்டரிங் அயர்னைச் சூடேற்றுகிறோம். ஆனால், இதுவரை நான் திறந்து பார்த்த, ஒலி எழுப்பாத பெடல்களில் உறுப்பே கெட்டுப்போயிருந்தவை மிகச் சில. மற்றவற்றிலெல்லாம் ஒருமுறை அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய ஒன்று, அளக்கப்படாமலேயே பெட்டிக்குள் போயிருந்தது.

முதல் தவறு, பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் உறுப்புகளைச் செருகிச் சோதிக்கும் பலகையில்) ஓட்டிப் பார்க்காமல் சால்டர் செய்வது. மின்தடையின் நிறக்கோடுகளை மட்டும் நம்புவதும் இதோடு சேர்ந்ததே. ஃபஸ் ஃபேஸின் முதல் டிரான்சிஸ்டருக்கு 33 கிலோ ஓம் தேவை. அதன் மூன்று கோடுகளும் ஆரஞ்சு நிறம். மூன்றாவது கோடு சிவப்பானால் அது 3.3 கிலோ ஓம் ஆகிவிடும். மாலை நேரத்து மஞ்சள் விளக்கொளியில் இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். மின்தேக்கியில் 103 என்று அச்சிட்டிருந்தால் 0.01 மைக்ரோஃபாரட், 104 என்றிருந்தால் அதைப்போல் பத்து மடங்கு. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பத்துப் பத்தாக வாங்கி ஒரே பொட்டலத்தில் கலந்துவிட்டால், ஒவ்வொன்றையும் பலகையில் செருகும் முன் மல்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டிரான்சிஸ்டரின் கால் வரிசை இதைவிடப் பெரிய பொறி. வெளிநாட்டு வரைபடங்களில் 2என்3904 என்று போட்டிருக்கும். நம் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பது பிசி547. இரண்டும் என்பிஎன் வகை, இரண்டும் இந்த வேலைக்கு ஏற்றவை. ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், 2என்3904-இல் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடும்போது அரைவட்டம் திருப்பித்தான் செருக வேண்டும். திருப்பாமல் செருகினாலும் சில நேரம் மெலிதாக, தேய்ந்த ஒலி ஒன்று வந்துவிடும். ஒலியே வராமல் போனால் உடனே சந்தேகம் எழும்; பாதி ஒலி வந்தால் குறை சுற்றில் இருக்கிறது என்று நினைத்து, சரியாக இருக்கும் உறுப்புகளையெல்லாம் கழற்றத் தொடங்கிவிடுகிறோம்.

இனி ஜெர்மேனியம். பழைய ஃபஸ் ஃபேஸின் மென்மையான ஒலியில் மயங்கி, இணையத்தில் தேடி இரண்டு பழைய ஏசி128 டிரான்சிஸ்டர்களை வாங்குகிறவர்கள் பலர். விலை கொடுத்து வாங்கியதை அளந்து பார்க்காமல் பயன்படுத்துவதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே அதிகம் வருத்தம் தரும் தவறு என்பேன். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில், பேஸுக்கு மின்னோட்டம் எதுவும் கொடுக்காத நிலையிலும், கலெக்டர் வழியே ஒரு கசிவு ஓடிக்கொண்டே இருக்கும். மல்டிமீட்டரில் உள்ள பெருக்க அளவி இந்தக் கசிவையும் பெருக்கத்தோடு சேர்த்துக் காட்டிவிடுவதால், 120 என்று காட்டும் டிரான்சிஸ்டரின் உண்மையான பெருக்கம் 70 ஆக இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஏசி128 பிஎன்பி வகை (என்பிஎன்னுக்கு மின்முனைகள் தலைகீழானது) என்பதால், 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை எமிட்டரில் இணைத்து, கலெக்டரை 2.4 கிலோ ஓம் மின்தடை வழியாக எதிர்முனையோடு இணைக்க வேண்டும். பேஸை எதனோடும் இணைக்காமல், அந்த மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்தால் அது கசிவின் அளவு, 0.24 வோல்ட் என்றால் 100 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று பொருள். பிறகு பேஸையும் 2.2 மெகா ஓம் மின்தடை வழியாக எதிர்முனையோடு இணைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழித்து நூறால் பெருக்கினால், உண்மையான பெருக்கம் ஏறக்குறைய கிடைத்துவிடும். முதல் இடத்துக்கு 70-80, இரண்டாவது இடத்துக்கு 110-130 என்ற அளவில் பெருக்கம் உள்ளவற்றையே கட்டுவோர் பொதுவாக விரும்புகிறார்கள். அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடல் சூட்டிலேயே கசிவு ஏறுவதை மீட்டரில் கண்ணெதிரே காணலாம். எனவே செருகிவிட்டு, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு அளக்க வேண்டும்.

இதே காரணத்தால், மார்கழியில் குளிர்பதன அறைக்குள் சரிசெய்த ஜெர்மேனியம் பெடல், சித்திரை மாதத்துத் திறந்தவெளி மேடையில் வேறு குரலில் கரகரக்கும். வெயிலில் வாசிக்க வேண்டியவர் சிலிக்கான் டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஃபஸ் ஃபேஸே பின்னாளில் பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்களோடும் வெளிவந்தது. எந்த வகையானாலும், இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் சுமார் 4.5 வோல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வரைபடத்தில் 8.2 கிலோ ஓம் என்று உள்ள இடத்தில் 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் சிறு மின்தடை) ஒன்றை வைத்து அந்த மின்னழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வரைபடத்தில் அச்சான மதிப்பு, அதை வரைந்தவர் கையில் இருந்த டிரான்சிஸ்டருக்குப் பொருந்தியது. நம் கையில் இருப்பதற்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை.

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில், ஐந்து தந்தி பேஸின் கீழ்த் தந்தி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸில். ஒரு மின்தேக்கியும் அதற்குப் பின் வரும் மின்தடையும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலியைத் தேய்க்கும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்: இரண்டு, பை, மின்தடை, மின்தேக்கி ஆகிய நான்கின் பெருக்குத்தொகையால் ஒன்றை வகுக்க வேண்டும். ஃபஸ் ஃபேஸின் வெளியீட்டில் 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 500 கிலோ ஓம் ஒலியளவுக் குமிழும் உள்ளன. கணக்குப் போட்டால் 32 ஹெர்ட்ஸ் வரும், பேஸுக்கும் போதும். ஆனால் 500 கிலோ ஓம் குமிழ் கடையில் இல்லையென்று 100 கிலோ ஓம் குமிழைப் போட்டுவிட்டால், அதே மின்தேக்கியோடு அந்த எல்லை 159 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. பேஸின் அடித்தளம் முழுவதும் அங்கேயே தேய்ந்துவிடும். குமிழை மாற்றினால் மின்தேக்கியையும் 0.047 மைக்ரோஃபாரட் ஆக்கிவிட வேண்டும். எல்லை 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் வகைச் சுற்றைப் பேஸுக்குக் கட்டுகிறவர்களுக்கும் இக்கணக்கு உதவும். அதன் பெருக்கக் கட்டத்தில் உள்ள 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. கிட்டாரில் ஒலி கலங்காமல் தெளிவாக நிற்க அது உதவுகிறது. பேஸில் ஒலி மெலிந்துபோகிறது. மின்தேக்கியைப் பத்து மடங்காக்கினால் 72 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம்; ஆனால் அவ்வளவு கீழ் ஒலியும் சிதைவுக்குள் நுழைந்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். சிதைந்த ஒலியோடு தூய ஒலியையும் ஒரு குமிழால் கலப்பதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. அப்படிக் கலக்கும்போது கவனிக்க வேண்டியது தலைகீழ் மாற்றம். ஒற்றை டிரான்சிஸ்டர் கொண்ட எல்பிபி-1 போன்ற பூஸ்டர் அலையைத் தலைகீழாக்கித் தருகிறது. அதைத் தூய ஒலியோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, கீழ்ச் சுரங்கள் காணாமல் போகும். ஃபஸ் ஃபேஸில் இரண்டு கட்டங்கள் உள்ளதால் அலை இரண்டு முறை கவிழ்ந்து நேராகிவிடுகிறது.

மின்சாரம் கொடுப்பதில் நேரும் தவறுகள் பெடலோடு நில்லாமல் மற்றக் கருவிகளையும் கெடுக்கக் கூடியவை. இன்றைய பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் அடாப்டரில், செருகியின் நடுமுனை எதிர்முனையாக இருக்கும்படி இயங்குகின்றன. கடையில் கிடைக்கும் மற்ற அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை நேர்முனை. தலைகீழாகச் செருகினால் சுற்றைக் காக்க, 1என்5817 டயோடு ஒன்றை நேர்முனைக் கம்பியில் தொடராக வைத்துவிடுவது நல்லது. அது எடுத்துக்கொள்ளும் மின்னழுத்தம் மிகச் சிறிது. பிஎன்பி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைக் கொண்ட ஃபஸ் ஃபேஸில் தரை இணைப்பு பேட்டரியின் நேர்முனையில் இருக்கும். அதை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரின் கிளைக் கம்பியில் மாட்டினால், ஜாக் கம்பிகளின் தரை வழியாக அடாப்டர் குறுக்குச் சுற்றாகிவிடும். அந்தப் பெடலுக்குத் தனிப் பேட்டரியே உரியது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பெட்டிக்குள் கொண்டுவரும் எண்ணம் எந்த நிலையிலும் வேண்டாம். கம்பித் தந்தியைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது அது.

சால்டர் செய்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ரோசின் உள்ள மின்னணு ஈயத்தையே பயன்படுத்த வேண்டும். குழாய் வேலைக்கான அமிலப் பசை செம்பை அரித்துவிடும். முனையையும் தகட்டையும் முதலில் சூடாக்கி, பிறகு ஈயத்தைத் தொட வேண்டும். அயர்னில் உருக்கி மேலே தடவினால் மங்கிய, ஒட்டாத உருண்டைதான் மிஞ்சும். வெரோ போர்டில் (செம்புத் தடங்கள் ஓடும் துளைப் பலகையில்) அறுக்க வேண்டிய தடங்களை எண்ணி அறுத்த பின், தடங்களுக்கு நடுவே கத்தி முனையை ஒருமுறை இழுத்துவிட்டால் மயிரிழை ஈயத் துணுக்குகள் போய்விடும்.

ஒன்பது முனைக் கால் ஸ்விட்சில் நிதானம் தேவை. ஒரு முனையில் மூன்று வினாடிக்கு மேல் சூடு வைத்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகி, தொடர்பு தடம் மாறிவிடும். ஒன்றை முடித்துவிட்டு, அது ஆறும்வரை எதிர்ப்புறத்து முனைக்குச் செல்லலாம். கம்பி இணைக்கும் முன், எந்த மூன்று முனைகள் ஒரு வரிசை என்பதை மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தொண்ணூறு பாகை திருப்பி இணைத்துவிட்டு, சுற்றைக் குறை சொல்பவர்கள் உண்டு. உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோ வகையாக இருக்க வேண்டும். அதன் நடு வளையத்தில் பேட்டரியின் கறுப்புக் கம்பியை இணைத்தால், என்பிஎன் சுற்றில் கம்பி செருகியிருக்கும்போது மட்டும் மின்சாரம் ஓடும். பிஎன்பி சுற்றில் அந்த இணைப்பு சிவப்புக் கம்பிக்கு உரியது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது, ஏனெனில் அங்கே தரையாவது நேர்முனை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி வரவில்லை என்றால், உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுவது தவறு. சுற்றுக்குள் ஒலி எதுவரை வருகிறது என்று தேட வேண்டும். பழைய ஜாக் கம்பி ஒன்றின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரில் செருகி, மறுமுனையின் தரைக் கம்பியைச் சுற்றின் தரையில் மாட்டி, நடுக் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பற்றவைத்தால் அதுவே சோதனைக் கோல். ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவைக் குறைத்து வைத்து, கிட்டாரை யாரையாவது மீட்டச் சொல்லி, உள்ளீட்டு ஜாக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனால், ஒலி எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய புள்ளிக்கும் நடுவில்தான் பழுது இருக்கும்.

பெட்டியில் ஏற்றுவது கடைசி வேலை. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ஃபஸ் போன்ற பெருக்கம் மிகுந்த சுற்று அறையில் உள்ள இரைச்சலையெல்லாம் உள்வாங்கும். அலுமினியப் பெட்டி வேண்டும், அது சுற்றின் தரையோடு இணைந்திருக்கவும் வேண்டும். குமிழின் பின்புறத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு துண்டு தடித்த அட்டையாவது இருக்கட்டும். துளையிடும் முன், ஜாக், ஸ்விட்ச், குமிழ், பேட்டரி அனைத்தையும் பெட்டிக்குள் ஒருமுறை அடுக்கி, மூடி மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடையாளமிடும்போது பெட்டியை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: உட்புறம் பார்த்துக் கோடிட்டு வெளிப்புறமாகத் துளைத்தால் இடம் வலமாகும், உள்ளீட்டு ஜாக் இருக்க வேண்டிய வலப்பக்கத்தில் வெளியீட்டு ஜாக் வந்து உட்காரும்.