குழாய் ஈயமா? ஒரு சாவியும் காந்தமும் போதும்

பழைய கட்டடத்தில் குடியிருப்பவர்கள், வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் குழாயை இன்றே ஒருமுறை பாருங்கள். மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் சாவி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். உலோகம் மெத்தென்று கீறல்பட்டு, கீறிய இடம் வெள்ளிபோல் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் ஈயம் (lead) தான். பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

குழாயிலிருந்து தண்ணீரில் கரையும் ஈயத்தை நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பலர் நம்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. ஈயம் அப்படியே தங்கி, இன்னும் செறிவாகிறது. குழந்தைக்குப் பால்மாவு கரைப்பவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பிடியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த நீர் மட்டும். சூடான நீரில் ஈயம் கூடுதலாகக் கரையும். குழாய் வாயிலுள்ள சல்லடையையும் அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள்.

தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்தால், ஈயத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழாயை மாற்றும்போது பாதியில் நிறுத்தாதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து சில காலம் ஈயம் அதிகமாகவே வரக்கூடும். சிறிய குடியிருப்பு என்றால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து முழு நீளத்தையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.