ஸ்டீல் கிட்டார் பழக வீட்டுக் கிட்டாரே போதும்

கிட்டாரை மடியில் படுக்க வைத்து, கம்பிகள் மேல் எஃகுத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பதுதான் ஹவாய் ஸ்டீல் கிட்டார். அதைப் பழக வேண்டும் என்று வந்து, முதல் கேள்வியாகக் கருவியின் விலையைக் கேட்பவர்களிடம், இந்த முறையைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் ஜோசப் கெகுகுவைப் பற்றி நான் சொல்வேன். ஹவாயின் ஒவாஹு தீவில், லாயியே ஊரில் 1874இல் பிறந்தவர். 1889 வாக்கில், பள்ளிப் பையனாக இருந்தபோது, சாதாரணக் கிட்டாரின் கம்பிகள் மேல் சீப்பையும் கத்தியின் முதுகையும் வழுக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் பள்ளிப் பட்டறையில் ஒரு எஃகுத் துண்டைச் செய்துகொண்டார். 1904இல் அமெரிக்காவுக்குப் போய், பிறகு ஐரோப்பா வரை சுற்றி, சிகாகோவில் வகுப்பெடுத்து, 1932இல் இறந்தார். மின்சார ஸ்டீல் கிட்டார் கடைக்கு வந்ததே ஏறக்குறைய அப்போதுதான். ஆம்ப்ளிஃபயர் செலவை நீங்களும் தள்ளிப்போடலாம்.

கம்பிகளைத் தூக்க, நட்டின் (கிட்டார் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல் செருகும் ‘நட் ரெய்சர்’ ஒன்று வாங்குங்கள். வழுக்கவிடும் அந்த எஃகுத் துண்டுக்குப் பெயர் பார். அதற்குப் பதில், மெக்கானிக் ஸ்பானர் செட்டில் இருக்கும் நீளமான சாக்கெட் ஆரம்பத்துக்குப் போதும். வழவழப்பாக, கனமாக இருக்க வேண்டும். கம்பியை மீட்ட, வலது கை விரல்களில் மாட்டும் பிக்குகளும் வேண்டும்: கட்டைவிரல் பிக் ஒன்று, விரல் பிக் இரண்டு.

தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேருங்கள். மெல்லிய கம்பிதான் முதலாவது, தடித்தது ஆறாவது. வழக்கமான சுருதியிலிருந்து ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பிகளை இரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) அளவு இறக்கினால் சரி. இது ஜி மேஜர் சுருதி. பழைய வித்வான்கள் பலருக்கு ஏ மேஜர் சுருதிதான் பிடிக்கும். ஆனால் அதற்குக் கம்பிகளை ஏற்ற வேண்டும். வயதான கிட்டாரின் பிரிட்ஜ் (கம்பிகளைக் கீழ்முனையில் பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்துவிடலாம்.

கிட்டாரை மடியில் படுக்க வையுங்கள். இனிதான் உண்மையான வேலை. பாரை அழுத்தக் கூடாது, கம்பி மேல் சும்மா கிடக்க வேண்டும். விரலால் வாசித்துப் பழகியவர்கள் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்பார்கள். இங்கே ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே. மயிரிழை விலகினாலும் அபசுரம், மறைக்கவே முடியாது. மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்குப் பின்னால் கம்பிகளைத் தொட்டபடியே நகரட்டும். இல்லாவிட்டால் கரகரவென்று ஓர் இரைச்சல் கூடவே வரும். சுரம் சுத்தமாக நின்ற பிறகுதான் பாரை லேசாக அசைக்கலாம். முதல் நாளே அசைப்பவர்கள் சுருதிப் பிழையை மூடப் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

பாரை எடுத்துவிட்டு எல்லாக் கம்பிகளையும் மீட்டினால் ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), ஐந்தாம் ஃப்ரெட்டில் பாரை வைத்தால் சி, ஏழில் டி. ஏராளமான எளிய பாட்டுகளுக்கு இந்த மூன்றே போதும். கை படிந்ததும் ஹவாய் ஸ்டீல் கிட்டார் கலைஞர் சால் ஹோபீயின் 1920களின் பதிவுகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, மெட்டை மட்டும் முதல் கம்பியில் தேடிப் பிடியுங்கள்.