555 நோட்டோடு போட்டி போடும் செயலிக்கு என்ன விலை வைப்பது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் குத்தகைக்காரர்களுக்காக ஒரு கணக்குச் செயலி எழுதினேன். அதற்குப் போட்டி இன்னொரு செயலி இல்லை, அவர்கள் சட்டைப் பையில் இருக்கும் 555 நோட்டுதான், கடையில் விற்கும் சின்னக் கணக்குப் புத்தகம். யார் எந்த நிரையில் எத்தனை குலை வெட்டினார், லோரி எத்தனை நடை போனது, யாருக்கு எவ்வளவு முன்பணம், எல்லாம் அதற்குள் இருக்கும். மழையில் நனைந்தால் ஒழிய அது கோளாறு செய்யாது. இந்த மாதிரிச் சின்னக் கூட்டத்துக்குச் செயலி செய்து காசு பார்க்க நினைக்கிறீர்களா? நான் தப்புப் பண்ணிக் கற்றதைச் சொல்கிறேன்.

முதல் தப்பு விலை. தோட்டத்து ஆட்கள்தானே என்று ஒரே தடவைக் கட்டணமாக 4 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு வைத்தேன். 40 பேர் வாங்கினார்கள். கூகிள் பிளே தன் 15 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது போக என் கைக்கு வந்தது 166 வெள்ளி 60 காசு. அப்புறம் இரண்டு வருஷம் அந்த 40 பேரும் இரவு ஒன்பது மணிக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்டார்கள், கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வாங்க ஆள் இருந்தால்தான் மலிவு விலை தாங்கும். மொத்தச் சந்தையே முந்நூறு பேர் என்றால் மலிவாக விற்பது தர்மமும் இல்லை, வியாபாரமும் இல்லை.

சரி, அப்படியென்றால் எவ்வளவு? தயவுசெய்து "எவ்வளவு கொடுப்பீங்க அண்ணே?" என்று கேட்காதீர்கள். "பார்த்துப் போடுங்க தம்பி" என்று சிரித்துவிட்டுத் தே தாரிக் வாங்கிக் கொடுப்பார்கள், வேறு பதில் வராது. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, "கடைசியா எப்பண்ணே கணக்குத் தப்பிச்சு, எவ்வளவு போச்சு?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். டன்னுக்கு 70 வெள்ளி வெட்டுக்கூலி என்று வைத்துக்கொண்டால், 3 டன் ஏற்றிய ஒரே ஒரு நடையின் எடைச்சீட்டு தொலைந்தால் 210 வெள்ளி போச்சு. விலை இந்த எண்ணிலிருந்துதான் பிறக்க வேண்டும், நீங்கள் எத்தனை இரவு கண்விழித்து எழுதினீர்கள் என்பதிலிருந்து இல்லை. நான் வருஷத்துக்கு 60 வெள்ளி வைத்தேன். கூகிளின் பங்கு போக 51 நிற்கும், 80 பேர் கட்டினால் 4,080 வெள்ளி. வேலையை விட்டுவிடும் அளவு காசு இல்லைதான், ஆனால் போனை எடுத்துப் பதில் சொல்ல மனசு வரும்.

யாரிடம் வாங்குவது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். குலை வெட்டுபவருக்கு இலவசம், தன் பெயரில் எத்தனை பதிவாகியிருக்கிறது என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். கணக்குத் தப்பினால் கையைச் சுட்டுக்கொள்ளும் குத்தகைக்காரர்தான் காசு கட்டுகிறார். வெட்டுபவர்கள் பார்ப்பதாலேயே அவரால் செயலியை லேசில் விட முடியாது, இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது.

மாதச் சந்தா வேண்டாம். மாதம் ஐந்து வெள்ளி என்பது கேட்கச் சின்னதுதான், ஆனால் மாதாமாதம் "இது தேவையா?" என்று யோசிக்க வைக்கும். வருஷச் சந்தா எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதில் கவனம் வையுங்கள், புதுப்பிப்பும் அதே மாதத்தில்தான் வரும். இங்கே பிப்ரவரி வாக்கில் காய்ப்புக் குறைவு, ஆகஸ்டு செப்டம்பரில் குலை குவியும். ஆகஸ்டில் விற்கப் போங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தில் யாரிடமும் போகாதீர்கள். 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். நம் ஆட்கள் காசு கட்டத் தயங்குபவர்கள் இல்லை, எதற்கு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விளம்பரத்தை மறந்துவிடுங்கள். செயலிக்குள் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகிளின் ஆட்மாப் 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்பும், முந்நூறு பேரை வைத்துக்கொண்டு அதை எட்டுவதற்குள் உங்கள் பிள்ளை பள்ளி முடித்திருக்கும்.

செயலிக் கடைகளின் சட்டதிட்டத்தில் கையைக் கடிப்பவை சில உண்டு. கூகிள் பிளேயில் ஒருமுறை இலவசமாக வெளியிட்ட செயலியைப் பிறகு விலைச் செயலியாக மாற்ற முடியாது, உள்ளே சந்தா வைக்கலாம். செயலி வெளியிடுபவராகக் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டாலர். புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்கென்றால் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதனை நடத்திய பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். அந்த 12 பேராகச் சொந்தக்காரர்களைப் பிடிக்காமல் நிஜக் குத்தகைக்காரர்களையே பிடியுங்கள், முதல் வாடிக்கையாளர்கள் அங்கேயே கிடைப்பார்கள். ஆப்பிள் வருஷா வருஷம் 99 டாலர் கேட்கும், ஏறக்குறைய 400 வெள்ளி, அதாவது எட்டுப் பேர் கட்டும் சந்தா அதற்கே போய்விடும். என் ஆட்களில் ஐபோன் வைத்திருப்பவர் நாலு பேர். நான் ஆப்பிள் பக்கமே போகவில்லை.

கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து வங்கியிலிருந்து காசு கட்டும் டூயிட்நவ் கியூஆரை எல்லாரும் பயன்படுத்துகிறார்களே, அதையே செயலிக்குள் போட்டு வாங்கிவிடலாமே என்று தோன்றும். செயலிக்குள் ஒரு வசதியைத் திறந்துவிட இப்படி வெளியே காசு வாங்குவது இங்கே கடை விதிக்கு முரண், செயலியையே தூக்கிவிடுவார்கள். வங்கி அட்டை இல்லாதவர் போன் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டலாம். முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள், பாதிப் பேர் காசு இல்லாமல் இல்லை, பொத்தானை அழுத்தப் பயந்துதான் விட்டுவிடுகிறார்கள்.

சந்தா முடிந்தவரின் பழைய கணக்கைப் பூட்டாதீர்கள். புதுப் பதிவை மட்டும் நிறுத்துங்கள், பழையதைப் பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் விடுங்கள். நான் ஒருமுறை பூட்டிவிட்டேன், ஒருவர் சம்பளம் போட முடியாமல் தவித்தார், அந்த வாரமே ஊர் முழுக்க என் பேர் கெட்டது. இது சின்ன ஊர்.

விலையை ஏற்றும்போது புதிதாக வருபவர்களுக்கு மட்டும் ஏற்றுங்கள், ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்கள் பழைய விலையிலேயே தொடரும்படி கூகிள் பிளேயில் விடலாம். முதலில் சந்தா கட்டிய 12 பேர் இன்னும் 60 வெள்ளிதான் கட்டுகிறார்கள், புதிதாக வரும் ஆட்களை அவர்கள்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.