தண்ணீர் ஊற்றும் முன் ஒரு நிமிடம்

தியானத்துக்கென்று தனியாக உட்கார நேரமில்லையா? தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேளையே போதும். போனை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பெரும்பாலான செடிகளுக்கு அன்று தண்ணீர் வேண்டாம். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றைத்தான் வேர்கள் சுவாசிக்கின்றன. அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். விசித்திரம் என்னவென்றால், அப்போதும் இலை வாடித்தான் நிற்கும். நாமும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்! உச்சி வெயிலில் தொங்கும் இலைகள் பல நேரம் மாலையில் தாமாகவே நிமிர்ந்துவிடும். அதனால் காலையில் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

அப்புறம், ஓர் இலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு அசுவினிப் பூச்சிகள் கூட்டமாக இருக்கலாம். உடனே மருந்தைத் தேடாதீர்கள். பக்கத்தில் குட்டி முதலை மாதிரி கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஏதாவது ஊர்கிறதா? அது பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். அசுவினிதான் அதன் சாப்பாடு. பார்க்கக் கொஞ்சம் பயமாக இருப்பதால் பலர் இதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள், பாவம். அசுவினி ரொம்ப அதிகமென்றால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். புழு இருக்கும் இலையை மட்டும் விட்டுவிடுங்கள்.