கறிக்குழம்பு மசாலாவில் கொண்டைக்கடலை: அசைவக் குடும்பத்தில் தாவர உணவைக் கூட்டும் முறை

அசைவம் பழகிய வீட்டில் தாவர உணவைக் கூட்ட முனைபவர்களில் பலர், கறியையும் மீனையும் நிறுத்திவிட்டு அவை இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ரசம், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம் என்று பரிமாறிய அந்த நாளில், மாலை நான்கு மணிக்கே பிள்ளைகள் பசியென்று பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். தட்டில் சோறும் காயும் நிறையவே இருந்தன. பயறு ஒரு பிடிகூட இல்லை.

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் 400 கிராம் காய்கறிகளும், பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி ஆகியவை சேர்ந்து 85 கிராமும் இருக்க வேண்டும் என்கிறது. நான்கு பேருக்கான சாம்பாரில் நாம் போடும் அரை டம்ளர் துவரம்பருப்பு ஏறத்தாழ 100 கிராம்தான் என்பதால், தலைக்கு 25 கிராம் மட்டுமே கிடைக்கிறது. எனவே, கறி வைக்காத நாளில் பயறு குழம்பின் ஓரத்தில் நிற்காமல் தட்டின் நடுவுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

முதல் படி: நாளையும் குழம்பையும் தேர்ந்தெடுத்தல்

வாரத்தில் இரண்டு நாள் போதும். வீட்டார் அறியாத புதிய பண்டங்களைத் தேடிப் போகாமல், ஏற்கெனவே அவர்கள் விரும்பும் குழம்பிலிருந்தே தொடங்குங்கள். கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு மொச்சை போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மொச்சையை இரண்டு மடங்காக்கிக் கருவாட்டை விட்டுவிட்டால், புளியும் பூண்டும் நல்லெண்ணெயும் அதே சுவையைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். கறிக்குழம்புக்கு மாற்றாகக் கொண்டைக்கடலை மிகவும் பொருந்தும் என்பது என் அனுபவம். மீல்மேக்கரை முதல் நாளிலேயே வைக்க வேண்டாம் என்றும் சொல்வேன். அதைக் கறியோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏமாறுவது எளிது.

இரண்டாம் படி: ஊறவைத்தல்

இந்த முறை முழுவதும் முந்தைய இரவில்தான் நிற்கிறது. இரவு உணவு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்திலேயே, 200 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையைக் களைந்து, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் கடலை பருத்து, தோலின் சுருக்கம் நீங்கி, கடித்தால் நடுவில் வெள்ளை மாவு தெரியாமல் நறுக்கென்று உடைய வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைத்தால், வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். பயறு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. அவர்களுக்கு முதலில் சிறிய அளவே பரிமாறுங்கள்.

மூன்றாம் படி: சமைத்தல்

கடலையை உப்புச் சேர்த்துக் குக்கரில் ஆறு விசில் வரை வேகவைத்து, ஒன்றை எடுத்து இரு விரலால் அழுத்திப் பாருங்கள். தடையின்றி நசுங்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஐந்து காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி வீதம் சீரகமும் சோம்பும், ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றை மிதமான தீயில் மணம் வரும் வரை வறுத்து, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு மைய அரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, பதினைந்து சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி என்ற வரிசையில் வதக்கி, அரைத்த மசாலாவைச் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை பொறுமையாகக் கிளறுங்கள். கறிக்குழம்பின் மணம் வருவது இந்த இடத்தில்தான் என்பதால் அவசரப்படக் கூடாது. பின்னர்க் கடலையை வெந்த நீரோடு ஊற்றி, ஒரு கைப்பிடியை மட்டும் மசித்துச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், குழம்பு தளர்வாக நிற்காமல் சோற்றோடு ஒட்டும்.

நான்காம் படி: உடன் வைப்பவை

அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயறில் நிறைந்திருப்பதாலும், பயறில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடு செய்வதாலும், இந்தக் குழம்பைச் சோறு, இட்லி, தோசை எதனோடும் உண்ணலாம். மொறுமொறுப்பை எதிர்பார்ப்பவர்களுக்குச் சேனைக்கிழங்கு வறுவல் வையுங்கள். பயறிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவுகிறது. எனவே வெள்ளரிக்காய், வெங்காயப் பச்சடியில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால், அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

தாவர உணவிலிருந்து வைட்டமின் பி12-ஐ நம்பிப் பெற முடியாது. பால், தயிர், முட்டை ஆகியவற்றைத் தொடரும் வீட்டில் வாரம் இரண்டு நாள் மாற்றம் இதைப் பாதிக்காது. அவற்றையும் முற்றிலும் நிறுத்துபவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது அவசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பயறின் அளவைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இரண்டு வாரம் கொண்டைக்கடலை பழகிய பிறகு, தட்டைப்பயறும் கத்தரிக்காயும் சேர்ந்த புளிக்குழம்புக்குச் செல்லுங்கள். தட்டைப்பயறு எளிதில் குழைந்துவிடும் என்பதால், நான்கு மணி நேரம் ஊறவைத்து இரண்டு விசிலில் இறக்கிவிடுங்கள்.