அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 10: இனி என்ன செய்யலாம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் முடிந்தது. மறுநாளும் கணினி எப்போதும்போலத் திறந்தது, எல்லாம் ஓடியது. அதனால் பலர் "ஒன்றும் ஆகவில்லையே" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வெளியிடுகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே நிறைய நிரல் பொது. 11-இல் ஓர் ஓட்டையை அடைத்தார்கள் என்றால், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு எந்த இடம் மாறியிருக்கிறது என்று தாக்குபவர்கள் தேடுவார்கள். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். அதே ஓட்டை உங்கள் 10-இல் இருந்தால், அது திறந்தபடியே கிடக்கும். மாதம் ஏற ஏற இந்தப் பட்டியல் நீளும்.

2017 மே 12 அன்று பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் நினைவிருக்கலாம். அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகளுக்குள் அது, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, நெட்வொர்க் வழியாகத் தாவியது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: என்ன இருக்கிறது என்று பாருங்கள்
செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். 'விண்டோஸ் 10, 22ஹெச்2' என்று இருக்கிறதா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள், 3-ஆம் படியில் தேவைப்படும்.

படி 2: பேக்கப்
மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த புக்மார்க் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். அப்புறம் அந்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, ஒரு படத்தையும் ஓர் ஆவணத்தையும் உண்மையிலேயே திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதை வைத்து நம்பிவிடாதீர்கள், உள்ளே இருப்பது தெரிய வேண்டும். பார்த்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

படி 3: அவகாசம் வாங்குங்கள்
செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், ஆதரவு முடிந்த அறிவிப்போடு பதிவு செய்யும் இணைப்பும் இருக்கும். நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் அது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் தருவதாக அறிவித்த திட்டம். 22ஹெச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே சேரலாம். ஆனால் இது தற்காலிக ஏற்பாடு மட்டும்தான்.

விண்டோஸ் 11-க்கு மாற முடிந்தால் மாறிவிடுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் கேட்கும். பழைய கணினிகள் பல இங்கேதான் தட்டிப்போகின்றன.

படி 4: பணத்தை அங்கிருந்து நகர்த்துங்கள்
அப்டேட் வராத கணினியில் வங்கி வேலை வேண்டாம். மின்னஞ்சலும் வேண்டாம், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அந்த மின்னஞ்சல்தான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை நீக்கிவிட்டு, முக்கியமானவற்றை அப்டேட் வரும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இந்த ஒரு படியை மட்டுமாவது இன்றே செய்யுங்கள்.

படி 5: கதவுகளைச் சாத்துங்கள்
வேறிடத்திலிருந்து உங்கள் கணினியை இயக்க விடும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, 'எஸ்எம்பி 1.0' (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறை) பக்கத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வான்னாக்ரை நுழைந்த வழி அதுதான். தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ் இருப்பது நல்லது, ஆனால் சிஸ்டத்தில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது.

படி 6: லினக்ஸைத் தொட்டுப் பாருங்கள்
லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் ஓடக்கூடிய இயங்குதளம். பயப்பட வேண்டாம், எதையும் அழிக்காமலே பார்க்கலாம். வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் கோப்பை இறக்கி, ரூஃபஸ் மென்பொருள் வழியாக 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுங்கள். பழைய கணினியில் அதைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனு (எதிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்று தேர்வு செய்யும் பட்டியல்) பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். பல மாடல்களில் அது எஃப்12. டெஸ்க்டாப் வந்ததும் வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 'இன்ஸ்டால்' ஐகானை அழுத்தாதவரை உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

விண்டோஸில் மட்டுமே ஓடும் பழைய மென்பொருள் ஏதாவது உங்களுக்குக் கட்டாயம் என்றால், அந்தக் கணினியில் வைஃபையை அணைத்து, கேபிளையும் கழற்றிவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.